கம்பெனிக் கிழவியும் நானும்

1

என் ஊர் சங்கரன்கோவிலில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். நடுவில் நின்று மூச்சு வாங்குவேன். அவசரக்காரர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்க்கொள்ளலாம். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

என் வீட்டுக்காரர் காலமான பிறகு மகன் என்னை மெல்போர்னுக்குக் கூட்டிவந்துவிட்டான். வந்த புதிதில் வீட்டில் சும்மா இருந்து பார்த்தேன். இங்கே சும்மா இருப்பது என்றால், ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு நாயைப் பார்த்துக்கொண்டிருப்பது. நாய்க்கே என்னைப் பார்த்துச் சலித்துப் போனது. அப்புறம்தான் ஒரு மாவுக் கம்பெனியில் சேர்ந்தேன். அரிசி, உளுந்து ஊறப்போட்டு, பெரிய பெரிய கிரைண்டரில் ஆட்டி, பையில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்புகிற கம்பெனி. பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் முதலாளி கேஸ் போடுவான்.

முதலாளி வேறு யாருமில்லை, எங்கள் ஊருக்குப் பக்கத்து வாசுதேவநல்லூர்க்காரன்தான். பெற்றவர்கள் வைத்த பேர் மாடசாமி. இங்கே மேடி. வெள்ளைக்காரர்கள் முன்னால் மேடி, என் முன்னால் மாடசாமி. இரண்டு பேரும் ஒரே சட்டைக்குள் இருப்பார்கள். எவன் எப்போது பேசுவான் என்று குரலை வைத்தே சொல்லிவிடுவேன்.

மாவுப் பையில் ஒரு கிழவி படம் இருக்கும். சேலை, கொண்டை, அகலப் பொட்டு, காதில் பாம்படம், கையில் கரண்டி. இந்தக் கிழவி எந்த ஊரிலும் பிறக்கவில்லை. கம்ப்யூட்டரில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் வரைந்தவள். அவள் கொண்டை உச்சி மண்டையில் நிற்கும். பாம்படம் காதில் தொங்காமல் தோளில் உட்கார்ந்து இளைப்பாறும். கரண்டியைப் பேனா பிடிக்கிற மாதிரி பிடித்திருப்பாள். எல்லாப் பல்லும் தெரியச் சிரிப்பாள். மாவாட்டுகிற ஒருத்தி அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எங்களுக்குள் அவளைக் 'கம்பெனிக் கிழவி' என்று சொல்லுவோம்.

கம்பெனிக்குப் பத்து வருசம் நிறைந்தது. மாடசாமி எல்லாருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தான். கையைத் துடைத்துவிட்டு ஒரு வழவழப்பான புத்தகத்தை என்னிடம் நீட்டினான்.

"ஆச்சி, இனிமே எல்லாருக்கும் ஒரே மாதிரி உடுப்பு. நெஞ்சுல நம்ம கம்பெனி படம். நீங்க மூத்தவிய, மொதல்ல நீங்க பார்த்து எடுங்க. உங்க இஷ்டம்."

புத்தகம் முழுக்கத் தலையில்லாத ஆட்கள். கழுத்து வரைக்கும் சட்டை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. முதலாளிமாருக்கு ஆள் அந்த அளவு இருந்தால் போதும் போலிருக்கிறது.

"வட்டக் கழுத்து வேணுமா, காலர் வச்சது வேணுமா? தொப்பி வேணும்னாலும் இருக்கு" என்றான்.

"சேலை எந்தப் பக்கத்துல இருக்கு?"

"சேலை இல்ல ஆச்சி. சட்டையும் பேண்ட்டும்தான்."

"பொறவு என்னலே என் இஷ்டம்?"

கூடவே ஒரு தாளையும் கொடுத்தான். அடுத்த மாசம் முதல் தேதியிலிருந்து கம்பெனிச் சட்டை போடாதவர்கள் ஆட்டுகிற அறைக்குள் வரக்கூடாதாம். சேலை முந்தி மெஷினில் சிக்கிக்கொள்ளுமாம். நான் முந்தியைச் சுற்றி இடுப்பில் சொருகினால் புயலடித்தாலும் அவிழாது. அது அவனுக்கும் தெரியும். அவன் அம்மாவும் அப்படிச் சொருகித்தான் அவனை வளர்த்திருப்பாள்.

"ஏலே, பையில சேலை கட்டுன கிழவிய ஒட்டி விக்கெ. உள்ள நிக்குத சேலை கட்டுன கிழவிக்கு டவுசர் மாட்டுதெ. என்னலே நியாயம்?"

"அது பிராண்டு ஆச்சி. நீங்க ஸ்டாஃப்."

இதைச் சொன்னது மேடி.

என்னோடு வேலை பார்க்கிற மைமூன், கடையநல்லூர்க்காரி, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் போனதும் என் காதருகே வந்தாள்.

"யக்கா, எனக்கு முழுக்கை கேட்டேன், தாரேம்னுட்டான். முக்காட்டுலயும் அந்தக் கிழவிய ஒட்டணும்னு சொன்னான் பாருங்க, அங்கனதான் எனக்குக் கோவம் வந்துட்டு. படம் போட்ட முக்காட்டோட நான் எப்பிடித் தொழ? அல்லாவுக்கு மாவு விக்கவா போறேன்னு கேட்டுட்டேன்."

"என்ன சொன்னான்?"

"தொப்பி வச்சுக்கிடுதீயளான்னு கேக்கான்."

2

வீட்டில் சொன்னேன். மகன் செல்போனைப் பார்த்துக்கொண்டே, "போட்டுட்டுப் போங்கம்மா, ஊரா இது?" என்றான். மருமகளுக்கு உள்ளூர சந்தோஷம். நான் வந்த நாளிலிருந்து அவள் எனக்குச் சுடிதார் வாங்கி வாங்கி அலமாரியில் அடுக்குகிறாள். எல்லாம் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. பேரன் மட்டும் இங்கிலீஷில் ஏதோ கேட்டான். மருமகள் அதைத் தமிழில் சொன்னாள்: சட்டை போட்டால் ஆச்சிக்குப் பை இருக்குமா, அதில் மிட்டாய் வைப்பாளா என்று கேட்டானாம். இந்த வீட்டில் நல்ல கேள்வி கேட்கிறவன் அவன் ஒருத்தன்தான். அவனுக்கும் எனக்கும் நடுவில் பேச ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

உடுப்புதானே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கார் ஓட்டத் தெரியாது. இங்கிலீஷ் தெரியாது. டாக்டரிடம் வயிற்றுவலியைக்கூட மகன்தான் சொல்ல வேண்டும். அவன் பாதி சொல்லுவான், பாதி அவனே தீர்த்துக்கொள்ளுவான். நான் நானாகப் போய் நானாக வருகிற இடம் அந்த மாவுக் கம்பெனி ஒன்றுதான். காலையில் கொசுவம் வைத்துக் கட்டி, பஸ் ஏறி, உளுந்தில் கை வைத்தால் நான் இன்னாரென்று எனக்கு நினைவு வந்துவிடும். சேலையை விட்டால் அந்த இன்னார் கம்பெனிக்குள் போக மாட்டாள். வேலையை விட்டால் திரும்பவும் ஜன்னல், நாய். இரண்டில் எதையும் விட எனக்கு மனசில்லை.

மறுநாள் மாடசாமியிடம் பேசினேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போவதாக ஏற்கெனவே லீவு வாங்கியிருந்தேன்.

"ஏலே, கம்பெனிச் சட்டை போடுத மாதிரி கம்பெனிச் சேலை கட்டுனா என்ன? ஊருல தறிச் சேலை எடுத்து, உன் படத்தை அடிச்சிக் கொண்டாரேன்."

தலையைச் சொறிந்தான். "கம்பெனி கலர் இருக்கணும். கம்பெனி படம் இருக்கணும். ரெண்டும் இருந்தா பார்க்கேன் ஆச்சி. இல்லன்னா சட்டை. சட்டையும் வேண்டாம்னா..." கொஞ்சம் நிறுத்தி, குரலை மாற்றி, "வீட்ல நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றான்.

இந்த ஊரில் ஒருத்தரைப் போகச் சொல்வதற்கு அதுதான் மரியாதையான வார்த்தை.

3

ஊரில் தம்பி மகள் சங்கரி வீட்டில் தங்கினேன். தபசுக் கூட்டம். கோயிலில் ஆடிச்சுற்று சுற்றுகிற பெண்களுக்கு நடுவில் நானும் சுற்றினேன். நான் என்னவோ இந்தச் சட்டைக் கூத்தெல்லாம் வெளிநாட்டில்தான் என்று நினைத்துப் போனேன். தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுகிறவர்கள் முதுகில் நகைக்கடைப் பேர். கூட்டத்தை ஒழுங்கு பண்ணுகிறவர்கள் தலையில் சிமெண்டுக் கம்பெனித் தொப்பி. விசிறியில் ஜவுளிக்கடை. சாமி ஒன்றுதான் விளம்பரம் இல்லாமல் வந்தது.

தபசு முடிந்து, தறிச் சேலை விற்கிற ஒரு கடைக்குச் சங்கரியோடு போனேன். பின்கட்டில் சேலையில் படம் அச்சடித்தும் கொடுப்பார்கள். கடைக்கார அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் செல்போனை வாங்கிப் பார்த்தார்.

"யாருக்கா இது?"

"எங்க கம்பெனிக் கிழவி."

"நல்ல வயசாளியோ?"

"வயசு கெடக்கட்டும் அண்ணாச்சி. இன்னைக்கி அங்கன அத்தனை பேருக்கும் சோறு போடுதது அவதான்."

"மகராசி" என்றார். படத்தைக் கண்ணில் ஒற்றாத குறைதான். மரியாதை தெரிந்த மனுசன் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனிக் கலர் கடுகு மஞ்சள். அது உடனே கிடைத்துவிட்டது. படத்தை எங்கே போடுவது என்பதில்தான் வந்தது தகராறு.

"முந்தியில போட்டுருவோம். மயிலு போடுத எடம், எடுப்பா இருக்கும்."

"வேலை செய்யும்போது முந்தியைச் சுத்தி இடுப்புல சொருகுவேனே. அவ நேரா பின்பக்கத்துக்குப் போயிருவா. நான் உக்காந்தா அவ மேலதான் உக்காரணும்."

சங்கரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அத்தை, முதலாளியவே படமாப் போட்டிருந்தா அது சரியாத்தான் இருந்திருக்கும்."

"சும்மா இரிட்டி."

"அப்பம் கொசுவத்துல போடுவமா?" என்றார் அண்ணாச்சி.

"ஒரு மடிப்புல மூக்கு, ஒரு மடிப்புல பாம்படம்னு பிஞ்சு கெடப்பா."

"கரையில சின்னச் சின்னதா, வரிசையா?"

"தரையில பெரளுத கரையிலயா? வயசாளி மூஞ்சியவா?"

அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் எனக்கு ஒன்று பிடிபட்டது. சட்டையில் நெஞ்சுக்கு மேலே ஒரு இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறார்கள். முதலாளி வந்து பேர் எழுதிக்கொள்ளலாம். சேலையில் அப்படி ஒரு இடமே இல்லை. காலையில் தோளில் இருப்பது மத்தியானம் இடுப்பில் இருக்கும், சாயங்காலம் பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும். ஒரே இடத்தில் நிற்காத துணியில் யார் என்ன எழுத முடியும்? இதைச் சேலையின் குறை என்று மெல்போர்னில் சொல்லுகிறார்கள்.

கடைசியில் அண்ணாச்சி ஒரு சேலையை எடுத்துச் சங்கரியின் தோளில் போட்டுப் பார்த்தார். முந்தியைச் சொருகினாலும் தோளுக்குப் பின்னால், முதுகில் ஒரு சாண் துணி அசையாமல் நிற்கிறது. "இங்கன போட்டுருவோம்க்கா" என்றார்.

"போடுங்க. முதலாளி நம்ம முதுகைத்தான் அதிகம் பார்ப்பான்" என்றேன்.

எனக்கு மாற்றிக் கட்ட வேண்டுமே என்று மூன்று நான்கு சேலை சொல்லிவிட்டு, மெல்போர்னுக்குப் புறப்படுகிற அன்று வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிக் கிளம்பினேன். கடையை விட்டு இறங்கும்போது அண்ணாச்சி, "மனசத் தளர விடாதிங்கக்கா" என்றார். ஏன் சொல்லுகிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

4

கிளம்புகிற அன்று கார் வாசலில் நிற்கிறது. நான் மட்டும் கடைக்குள் ஓடினேன். அண்ணாச்சி சேலையை விரித்துக் காட்டினார்.

முதுகுப் பக்கத்தில் கம்பெனிக் கிழவி சிரிக்கிறாள். அவளைச் சுற்றி ரோஜாப்பூ மாலை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிகிறது. கீழே ஒரு வரி. எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'என்றும் எங்கள் நினைவில்.'

இன்னொரு தரம் கூட்டிப் படித்தேன். அண்ணாச்சி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"படம் வெறுமனே இருந்திச்சுக்கா. மனசு கேக்கல. நானே மாலை போடச் சொன்னேன். நம்ம பங்குக்கு இருக்கட்டும்."

அவரைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் வயதான ஒருத்தியின் படம் துணியிலோ பையிலோ ஏறினால் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றுதானே பொருள்? பதினாறாம் நாள் விசேஷத்துக்குக் கொடுக்கிற பையில் பார்த்திருக்கிறோம். உயிரோடு இருக்கிறவளை எவன் படம் போட்டான்?

"அண்ணாச்சி, இவ சாகல."

"அய்யோ! இருக்காவளா?"

"இருக்கவும் இல்ல."

"என்னக்கா சொல்லுதீய?"

"இவ பொறக்கவே இல்ல அண்ணாச்சி."

அவர் என்னையும் சேலையையும் மாறி மாறிப் பார்த்தார். "பொறக்காத ஆளுக்கு என்னத்துக்குக்கா சேலையில படம்?"

அதை அவர் மேடியிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

மறுபடி அடிக்க நேரமில்லை. கட்டி எடுத்துக்கொண்டு கார் ஏறிவிட்டேன். மெல்போர்ன் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அங்கே ஊறுகாய், விதை, மண் எல்லாவற்றையும் துருவித் துருவிப் பார்ப்பார்கள். அதிகாரிப் பெண் சேலையை ஒவ்வொன்றாக விரித்தாள். எல்லாவற்றிலும் அதே மாலை, அதே கிழவி. என்னை ஏறிட்டுப் பார்த்து, "மதர்?" என்றாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "நோ. கம்பெனி" என்றேன். அவள் முகம் இரக்கமாகிவிட்டது. மடித்து அவளே உள்ளே வைத்தாள்.

5

திங்கட்கிழமை அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். மைமூன் என் முதுகைப் பார்த்துவிட்டு உளுந்துச் சாக்கில் சாய்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "யக்கா, எப்பம் அடக்கம்?" என்று கேட்டாள்.

சத்தம் கேட்டு மாடசாமி வந்தான். நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான்.

"ஆச்சி! என்னத்தக் கட்டிட்டு வந்திருக்கிய! பத்தாவது வருசத்துல என் கம்பெனிக்குப் பதினாறாம் நாள் கும்பிட்டுட்டியளே!"

"கம்பெனிக் கலர் இருக்கால்லா?"

"இருக்கு."

"கம்பெனி படம் இருக்கால்லா?"

"மாலையோடல்லா இருக்கு!"

"மாலை கடைக்காரரு பிரியமாப் போட்டது."

மேடி எங்கோ ஓடிப்போய், அங்கே நின்றது சுத்தமான வாசுதேவநல்லூர் மாடசாமி. அந்த நேரம் அவன் மகள் நியா உள்ளே வந்தாள். இங்கேயே பிறந்தவள். கம்பெனியின் விளம்பரமெல்லாம் அவள் பொறுப்பு. தமிழ் கொஞ்சம் பேசுவாள், படிக்கத் தெரியாது.

"ஓ மை காட், ஆச்சி! சோ பியூட்டிஃபுல்!" என்று என்னைத் திருப்பி நிறுத்திப் போட்டோ எடுத்தாள். "டாட், ஃபிளவர்ஸ், லேம்ப்ஸ், ஃபெஸ்டிவல் மாதிரியே இருக்கு. இதான் நம்ம பிராண்டுக்கு வேணும். கீழ என்ன எழுதிருக்கு?"

மாடசாமி என் முதுகில் இருந்த வரியைக் குனிந்து படித்தான். மாலை போட்ட படத்துக்கு என்ன அர்த்தம் என்பதைத் தன் மகளுக்கு எந்த ஊர் வார்த்தையில் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை வருசமாக அதைச் சொல்ல வேண்டிய அவசியம் வராமலே வளர்த்துவிட்டான். அந்த ஒரு நிமிசம் எனக்கு அவன் மேல் பாவமாக இருந்தது. ஒரு நிமிசம்தான்.

"நம்மள மறக்க மாட்டாங்கன்னு எழுதிருக்கு" என்றான்.

"பெர்ஃபெக்ட்!" என்றாள்.

இரண்டு நாள் கழித்து என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டான். முதலாளி நாற்காலி போட்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

"ஆச்சி, நீங்க ஜெயிச்சிட்டிய. சேலையிலயே இருக்கலாம். சட்டை வேண்டாம்."

"நல்லது."

"ஆட்டுத அறைக்கு நீங்க வர வேண்டாம். பெரிய சூப்பர் மார்க்கெட்டுல மேசை போட்டுத் தாரோம். இந்தச் சேலையோட நின்னு, தோசைத் துண்டு குடுத்து, போட்டோவுக்குச் சிரிச்சாப் போதும். பாம்படம் ஒட்டிக்கிடுத மாதிரியே கிடைக்குதாம். நியா பார்த்து வச்சிருக்கா. சம்பளம் கூட உண்டு."

"வேலை?"

"அதான் ஆச்சி வேலை."

வீட்டில் மகன், "பெரிய சான்ஸும்மா, விடாதீங்க" என்றான். மருமகள் அந்தப் போட்டோவை அவளுடைய சிநேகிதிகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். சேலை வேண்டாம் என்று இத்தனை நாள் சொன்னவள்.

எனக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது. சேலையோடு வேலை செய்யத்தான் நான் மல்லுக்கட்டினேன். அவன் சேலையைக் கொடுத்துவிட்டு வேலையை எடுத்துக்கொள்கிறான். இத்தனை நாள் படத்தில் இருந்த கிழவியைச் சட்டையில் ஒட்டி என் நெஞ்சில் மாட்டப் பார்த்தான். இப்போது என்னையே அவளாக்கி மேசையில் மாட்டப் பார்க்கிறான். அதுவும் மாலையோடு. அந்த மாலைக்கு உள்ளே நான் நின்றுகொண்டு, வருகிற போகிறவர்களைப் பார்த்துப் பல்லைக் காட்ட வேண்டும். நான் செத்துப்போனால் என் மகன் போடட்டும். அதற்கு முன்னால் எவனும் எனக்கு மாலை போட வேண்டாம்.

முதல் தேதி வந்தது. என்னுடைய பழைய நீலச் சேலையைக் கட்டினேன். முந்தியைச் சுற்றி இறுக்கமாகச் சொருகினேன். கம்பெனிக்குப் போய், புதுச் சட்டைகள் வந்த பெட்டியில் இருந்ததிலேயே பெரியதாக, காலர் வைத்ததாகப் பார்த்து எடுத்தேன். அதைச் சேலைக்கு மேலேயே மாட்டிக்கொண்டேன். குருவிகுளம் பக்கம் காட்டுக்குக் களையெடுக்கப் போகிற பெண்கள் அப்படித்தான் போவார்கள். வீட்டுக்காரன் சட்டையோ மகன் சட்டையோ, சேலைக்கு மேல் மாட்டியிருப்பார்கள். வெயிலும் படாது, முந்தியும் அவிழாது. எங்கள் வயலில் நடவுக்கு வந்தவர்களும் அப்படித்தான் வந்தார்கள். நான் வரப்பில் நின்று வேலை வாங்கியவள். அதுவரை ஒரு சட்டையையும் மாட்டியதில்லை.

மைமூன் என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். "முந்தி எங்கனக்கா?"

"உள்ள பத்திரமா இருக்கு."

"கொள்ளாமே, நல்லாருக்கு! எந்த மெஷினும் இனி உங்கள ஒண்ணும் செய்யாது."

ஆட்டுகிற அறை வாசலில் மாடசாமி நின்றான். கையில் அந்தத் தாள். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன ஆச்சி இது கோலம்?"

"சட்டை போடணும்னு தாளுல இருக்கு. போட்டாச்சி. உள்ள என்ன கட்டக்கூடாதுன்னு அதுல எங்கயாவது எழுதியிருக்கா? நீதான் படிச்சவன், படி."

அவன் உண்மையிலேயே படித்தான். மேலிருந்து கீழ் வரைக்கும். பேண்ட் என்ற வார்த்தையை எழுத மறந்திருக்கிறான். அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்தி, உள்ளே நிற்கிற மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னான்.

"ஊருல எவ்வளவு பெரிய வீட்டுக்காரி நீங்க. காட்டு வேலைக்குப் போற கூலிக்காரி மாதிரி வந்து நிக்கியளே ஆச்சி. பார்க்கவே எனக்கு ஒரு மாதிரி இருக்கு. சூப்பர் மார்க்கெட்டுல மகாராணியா நிக்கலாம்லா?"

"ஏலே மாடசாமி, நான் இங்கன எதுக்குலே வாரேன்? கூலிக்குத்தானே?"

அவன் விலகி வழிவிட்டான்.